பதுக்கக நிலை அறியும் கருவி

பதுக்கக நிலை அறியும் கருவி என்பது, ஒரு கணினியின் உள்ளகப் பதுக்ககத்தில் எவை சேமிக்கப்பட்டுள்ளன, எப்பொழுது சேமிக்கப்பட்டன, இன்னும் பயன்படுத்தத் தக்க நிலையில் உள்ளனவா என்பவற்றை, அப்பதுக்ககத்தில் எம்மாற்றமும் செய்யாமல் கண்டு சொல்லும் மென்பொருள் ஆகும். மனிதர் விசைப்பலகையில் தட்டச்சிட்டு இயக்கும் இத்தகைய கட்டளைகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. பெரிய மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு முகவர்கள் 2020களின் நடுப்பகுதியில் கணினிகளில் தாமே கட்டளைகளை இயக்கத் தொடங்கின. அதன் பின்னர், வாசிக்கும் உரிமையை மட்டும் கொண்ட தனிக் கருவிகளாக இவற்றை வடிவமைக்கும் தேவை எழுந்தது.

'இப்பொருள் இங்கே இருக்கின்றதா?' என்பது மிக எளிய கேள்வி. ஆயினும் கணினியில் அக்கேள்வியைக் கேட்கும் வழிகள் பல, கேட்கும்போதே விடையை மாற்றிவிடுகின்றன. சரிபார்ப்பு எனப் பெயர் பெற்ற கட்டளை கோப்புகளை நீக்குவதும், நிலையைக் காட்டும் கட்டளை ஒரு கோப்பை மீண்டும் எழுதுவதும் அன்றாடம் நிகழ்பவையே. எனவே வாசிப்பு மட்டுமே நிகழும் என்பதை உண்மையாக உறுதிசெய்வது இக்கருவிகளின் வடிவமைப்பில் மிகக் கடினமான பகுதியாகும்.

சொல்லும் பின்னணியும்

கேச் என்னும் ஆங்கிலச் சொல், 'மறைத்து வை' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதற்குப் பதுக்ககம், இடைமாற்று, தற்காலிகச் சேமிப்பு எனப் பல ஆக்கங்கள் உள்ளன. பதுக்கல் என்றவுடன் அரிசி மூட்டைகளும் கள்ளச் சந்தையும் நினைவுக்கு வருவது உண்மையே எனினும், பிரெஞ்சு மூலத்தின் பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது அச்சொல்லே. இக்கட்டுரையில் அதுவே ஆளப்படுகின்றது.

மெதுவான பெரிய சேமிப்பகத்துக்கு முன்னால் விரைவான சிறிய சேமிப்பகம் ஒன்றை வைக்கும் கருத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வில்க்ஸ் 1965இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். அவர் அதனை 'அடிமை நினைவகம்' என்று அழைத்தார். ஐபிஎம் நிறுவனம் 1968இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 85, பதுக்கக நினைவகத்துடன் வணிக முறையில் விற்கப்பட்ட முதற் கணினியாகும். அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் ஆய்விதழில் அதைப் பற்றி வெளிவந்த கட்டுரைகள் வழியாகவே கேச் என்ற சொல் துறைக்குள் பரவியது.

செயலிக்கு உள்ளேயுள்ள அந்த நினைவகம் நிரல்களின் கண்ணுக்குத் தெரியாமல் இயங்குவது. இக்கட்டுரை கூறும் கருவிகள் அதனை ஆராய்வதில்லை. வன்தட்டில் அடைவுகளாகவும் கோப்புகளாகவும் இருக்கும் பதுக்ககங்களே இவற்றின் களம். மென்பொருட் பொதிகளை நிறுவும் பிப், என்பிஎம் போன்றவற்றின் பதுக்ககம், உலாவி சேமித்து வைக்கும் பக்கங்களும் படங்களும், களப்பெயர்களுக்கான முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் பதுக்ககம், தரவிறக்கிய மொழி மாதிரிகளின் பதுக்ககம் முதலியன இவற்றுள் அடங்கும்.

முகவர்களுக்கு இதன் தேவை

ஒரு நிரலர் தம் கணினியில் நேற்று எதைத் தரவிறக்கினார் என்பதைப் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பார். முகவருக்கு அந்த நினைவு இல்லை. அது கற்ற உரைகளில் இருப்பது பொதுவாகக் கணினிகள் எவ்வாறு இருக்கும் என்ற செய்தியே. இந்தக் கணினி இப்பொழுது எந்த நிலையில் உள்ளது என்பது அவ்வுரைகளில் இருக்க வழியில்லை. கேட்டுப் பார்க்கக் கருவி ஏதும் இல்லாவிடில் அது ஊகிக்கும். ஊகத்தையே உறுதியான தொனியில் சொல்லவும் கூடும்.

தவறான ஊகத்தின் விலை இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. எழுநூறு கோடி அளபுருக்கள் கொண்ட ஒரு மொழி மாதிரியை, அளபுரு ஒன்றுக்கு இரண்டு பைட்டு வீதம் சேமித்தால், ஏறத்தாழ 14 கிகாபைட்டு ஆகும். நொடிக்கு 20 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் அதனைத் தரவிறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். ஏற்கெனவே வன்தட்டில் உள்ள ஒன்றை மீண்டும் இறக்குவது காலத்தையும் பணத்தையும் வீணாக்குவதோடு வட்டையும் நிரப்பிவிடும்.

எதிர்த் திசையிலும் தீங்கு உண்டு. மென்பொருளொன்று தொகுக்கப்படாமல் பிழை காட்டினால் பதுக்ககத்தை அழித்துவிட்டு மறுபடி முயலுமாறு கூறுவது நிரலர்களிடையே ஒரு பாட்டி வைத்தியம் போல வழங்கி வருகின்றது. அவர்கள் எழுதியவற்றைக் கற்ற முகவரும் அதே மருந்தை நாடுவதில் வியப்பில்லை. பதுக்ககத்தில் இருப்பது வேறெங்கோ உள்ள மூலத்தின் படி என்பதால், அழித்தால் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம் என்பது கோட்பாடு. இணைப்பு இல்லாத இடத்தில் அக்கோட்பாடு உதவாது. மூலமே மறைந்துவிட்ட நிலையிலும் உதவாது. 2016 மார்ச் 22 அன்று லெஃப்ட்-பேட் என்னும் பதினொரு வரி நிரற்பொதி என்பிஎம் களஞ்சியத்திலிருந்து அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டபோது, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருட்களின் தொகுப்புப் பணி உலகெங்கும் தடைப்பட்டது. சில மணி நேரத்தில் அப்பொதி களஞ்சியத்தில் மீட்டு வைக்கப்பட்டது. அத்தகைய வேளையில் உள்ளகப் பதுக்ககத்தில் கிடக்கும் படியே கைக்கெட்டும் கடைசிப் படியாக அமையக் கூடும்.

ஆகவே, அழிப்பதற்கும் இறக்குவதற்கும் முன்னால் முகவர் பார்த்து அறிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். அவ்வழியில் எத்தனை முறை சென்றாலும் எதுவும் கெடலாகாது. மனிதரின் ஒப்புதலைக் கோராமலே முகவர் இதனைப் பயன்படுத்த விடுவதற்கும் அதுவே அடிப்படை.

வாசிப்பு மாற்றமாகும் இடங்கள்

என்பிஎம் மென்பொருளின் ஐந்தாம் பதிப்பு 2017இல் வெளிவந்தபோது, பதுக்ககத்தைச் சரிபார்ப்பதற்கென 'கேச் வெரிஃபை' என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. வெரிஃபை என்றால் சரிபார்த்தல். ஆனால் அக்கட்டளை பதுக்ககத்தின் அட்டவணையையும் உள்ளடக்கத்தையும் சரிபார்ப்பதோடு நில்லாமல், தேவையற்றவை எனக் காண்பவற்றை நீக்கியும் விடுகின்றது. இது ஆவணங்களில் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது, மறைக்கப்பட்ட செய்தியன்று. முழுவதையும் அழிக்கும் 'கேச் கிளீன்' கட்டளைக்கு 'ஃபோர்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தரவேண்டும் என்பது அதே பதிப்பில் வந்த காப்பு. பெயரை மட்டும் பார்த்து வெரிஃபை கட்டளையை வாசிப்புக் கருவி எனப் பட்டியலிடுபவர் தவறுகின்றார்.

டெபியன் வழிவந்த லினக்ஸ் வழங்கல்களில் உள்ள 'ஆப்ட்-கெட் செக்' என்பதும் இவ்வகையே. சார்புகள் உடைந்துள்ளனவா என்று ஆராயும் இக்கட்டளை, அதற்கு முன்னர் பொதிப் பதுக்ககத்தை இற்றைப்படுத்துகின்றது.

இவற்றினும் நுட்பமான எடுத்துக்காட்டு கிட் ஆகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய இப்பதிப்பு மேலாண்மை மென்பொருளில், கோப்புகளின் நிலையைக் குறித்து வைக்கும் அட்டவணைக்குத் தொடக்கத்தில் கேச் என்றே பெயர். 'கிட் டிஃப்' கட்டளையின் 'கேச்ட்' என்ற விருப்பத்தேர்வில் அப்பழைய பெயர் இன்றும் எஞ்சியுள்ளது. 'கிட் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை நிலையைக் காட்டுவதற்கு மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கோப்புகளின் நேரம், அளவு முதலியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபின், புதுப்பித்த அட்டவணையை வட்டில் திரும்ப எழுதுகின்றது. எழுதும் கணத்தில் ஒரு பூட்டுக் கோப்பையும் உருவாக்குகின்றது. பின்னணியில் ஒரு முகவர் இடையறாது நிலையைக் கேட்டுக்கொண்டிருக்க, அதே நேரத்தில் நிரலர் தம் மாற்றங்களைப் பதிவு செய்ய முயன்றால், பூட்டு ஏற்கெனவே இருப்பதாகக் கூறி அவரது கட்டளை தோல்வியுறலாம். இதனைத் தவிர்க்கவே கிட் 2.15 பதிப்பில், 2017ஆம் ஆண்டு, கட்டாயமற்ற பூட்டுகளைத் தவிர்க்கும் விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. பின்னணியில் நிலை அறியும் நிரல்கள் அதனைப் பயன்படுத்துமாறு கிட் ஆவணங்கள் பரிந்துரைக்கின்றன.

கோப்பைத் திறந்து படிப்பதே ஒரு தடயத்தை விடுகின்றது. யுனிக்சு மரபிலுள்ள இயங்குதளங்கள் கோப்பு கடைசியாக அணுகப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஓர் எழுத்துப் பணி நிகழ்வதால் ஏற்படும் சுமையைக் குறைக்க, லினக்ஸ் கருவகத்தின் 2.6.30 பதிப்பு முதல், 2009இலிருந்து, இந்நேரம் சில நிபந்தனைகளின் கீழ் மட்டுமே மாற்றப்படுகின்றது. நெடுநாள் அணுகப்படாத கோப்புகளை முதலில் நீக்கும் துப்புரவு நிரல்கள் இந்நேரத்தையே நம்பியிருக்குமாயின், ஆராய்ந்து பார்க்கும் கருவியே பழங்கோப்புகளை அண்மையில் பயன்பட்டவை போலக் காட்டிவிடும். நினைவகத்தில் இயங்கும் பதுக்ககங்களிலும் இச்சிக்கல் உண்டு. அண்மையில் மிகக் குறைவாகப் பயன்பட்டதை முதலில் வெளியேற்றும் முறையில், ஒன்றை இயல்பான வழியில் எடுத்துப் பார்ப்பது வெளியேற்ற வரிசையையே மாற்றும். எதனைப் பார்த்தோமோ அது தப்பும். பாராத வேறொன்று வெளியேறும். ரெடிஸ் தரவுத்தளத்தில், ஒரு பொருள் எவ்வளவு நேரம் தொடப்படாமல் உள்ளது என்பதை அதனைத் தொடாமலே அறிவதற்கெனத் தனிக் கட்டளை தரப்பட்டிருப்பது இக்காரணத்தாலாகும்.

பதுக்ககத்தின் அட்டவணை எஸ்க்யூலைட் தரவுத்தளமாக இருக்கும்போது வேறொரு தடை எழுகின்றது. 2010இல் அறிமுகமான முன்னெழுத்துப் பதிவு முறையில் இயங்கும் தரவுத்தளத்தை வாசிப்பதற்கும் அருகில் ஒரு துணைக் கோப்பு தேவைப்படுகின்றது. அது இல்லாமலும் உருவாக்க உரிமை இல்லாமலும் இருந்தால் வாசிப்பே தோல்வியுறும். தரவுத்தளம் மாறாது என உறுதி கூறித் திறக்கும் வழியொன்று உண்டு. ஆனால் வேறொரு நிரல் அதே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் அவ்வழியில் கிடைக்கும் விடை பிழையாகலாம். இங்கே எழுதும் உரிமையை முற்றாக மறுப்பதும் ஒரு விலையோடுதான் வருகின்றது.

கூகுள் வெப் ஆக்சிலரேட்டர்

வாசிப்பு என்று கருதப்பட்ட செயல் அழிவாக மாறியதற்கு இணைய வரலாற்றில் அறியப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. 2005 மே மாதம் கூகுள் நிறுவனம் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. பயனர் பார்க்கும் பக்கத்திலுள்ள இணைப்புகளை அவர் சொடுக்குவதற்கு முன்னரே கொணர்ந்து பதுக்ககத்தில் வைப்பது அதன் வேலைகளுள் ஒன்று. இணைப்பைப் பின்தொடர்வது வாசிப்பு மட்டுமே என்ற எண்ணத்தில் அது அமைக்கப்பட்டிருந்தது. எச்டிடிபி நெறிமுறையின் வரையறையும் அவ்வாறே கூறுகின்றது: 'கெட்' வகை வேண்டுகோள் தகவலைப் பெறுவதற்கு அப்பால் வேறு விளைவை உண்டாக்கலாகாது. ஆனால் அக்காலத்து வலைச் செயலிகள் சிலவற்றில் 'நீக்கு' என்பதும் சாதாரண இணைப்பாகவே இருந்தது. பயனர் தம் கடவுச்சொல்லுடன் உள்நுழைந்திருந்த பக்கங்களில் அம்மென்பொருள் அவ்விணைப்புகளையும் பின்தொடர்ந்தது. குறிப்புகளும் பக்கங்களும் காணாமற் போயின.

குற்றம் யாருடையது என்று அப்பொழுது நீண்ட வாதம் நடந்தது. வரையறையை மீறியவை வலைச் செயலிகள். வரையறையை எல்லோரும் பின்பற்றுவர் என நம்பியது முடுக்கி மென்பொருள். பொருளை இழந்தவர் இவ்விரண்டையும் அறியாத பயனர். முகவர்களுக்கான கருவிகளிலும் இந்த அமைப்பு அப்படியே திரும்புகின்றது. கருவியை எழுதியவர் தரும் விளக்கத்தை முகவர் நம்புகின்றது. விளக்கத்துக்கும் நடத்தைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பயனரின் தரவு இருக்கின்றது.

முன்னோடிகள்

பதுக்ககத்தை மட்டும் கேள், மூலத்திடம் போகாதே என்று சொல்லும் ஏற்பாடு இணைய நெறிமுறைகளில் முன்பே உள்ளது. 1987இல் வரையறுக்கப்பட்ட டிஎன்எஸ் செய்தி வடிவத்தில், பிற வழங்கிகளிடம் சென்று தேடித் தருமாறு கோரும் ஒரு பிட்டு உள்ளது. அதனை அணைத்துக் கேட்டால், வழங்கி தன்னிடம் இருப்பதை மட்டும் கொண்டு விடையளிக்கும். கேள்வியின் காரணமாகப் பதுக்ககத்தில் புதிதாக ஒன்றும் சேராது. எச்டிடிபி நெறிமுறையின் 1999ஆம் ஆண்டு வரையறையில் 'பதுக்ககத்தில் இருந்தால் மட்டும்' எனப் பொருள்படும் ஆணை உள்ளது. இருந்தால் பொருள் கிடைக்கும். இல்லையேல் 504 என்ற பிழை எண் கிடைக்கும். 2022 சூன் மாதம் வெளியான ஆர்எஃப்சி 9211, பதுக்ககங்கள் தம் நடத்தையைத் தாமே விடையுடன் சேர்த்துச் சொல்வதற்கான தலைப்புப் புலத்தை வகுத்தது. மூலத்திடம் போக நேர்ந்தது ஏன் என்பதற்கு அது பல காரணங்களை வேறுபடுத்துகின்றது: பொருளே இல்லை, முகவரி பொருந்தவில்லை, பொருள் உண்டு ஆனால் காலாவதியானது, ஒரு பகுதி மட்டுமே உண்டு என்பன அவற்றுட் சில.

நெறிமுறையும் உறுதிமொழியும்

முகவர்களைக் கருவிகளுடன் இணைக்கும் திறந்த நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதில் கருவிகளை வழங்கும் நிரல் ஒவ்வொரு கருவியின் பெயர், விளக்கம், ஏற்கும் உள்ளீடு ஆகியவற்றைப் பட்டியலிடுகின்றது. 2025 மார்ச் மாதத் திருத்தத்தில் கருவியின் இயல்பைக் குறிக்கும் அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. இது வாசிப்பு மட்டும் செய்வதா, அழிக்கக் கூடியதா, மீண்டும் இயக்கினால் கூடுதல் விளைவு உண்டா, வெளியுலகோடு தொடர்பு கொள்வதா என்பன அவை. ஒன்றும் குறிக்கப்படாவிடில் கருவி மாற்றம் செய்யக் கூடியது, அழிக்கக் கூடியது, வெளியுலகோடு தொடர்புடையது என்றே கொள்ளப்படும். இது அறிவுள்ள இயல்புநிலை.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றின் பெயரிலும் குறிப்பு என்ற பொருள் தரும் சொல் இணைந்துள்ளது. அவை கருவி தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்பவை. நம்பிக்கைக்குரியதல்லாத வழங்கியிடமிருந்து வரும் அடையாளங்களைக் கொண்டு முடிவெடுக்கலாகாது என்று வரையறையே எச்சரிக்கின்றது. வாசிப்பு மட்டும் என்று எழுதி வைத்த கருவி உண்மையில் எழுதினால் நெறிமுறையால் அதனைத் தடுக்க இயலாது.

தடுக்கக் கூடியது இயங்குதளமே. பதுக்கக அடைவை வாசிப்பு உரிமையுடன் மட்டும் இணைத்து ஒரு கொள்கலத்தினுள் கருவியை இயக்குதல், எழுதும் உரிமையற்ற தனிப் பயனர் கணக்கில் இயக்குதல், லினக்ஸ் 5.13 பதிப்பில் 2021இல் சேர்ந்த லேண்ட்லாக், ஓபன்பிஎஸ்டியின் அன்வெயில் போன்ற வசதிகளால் நிரல் தன் உரிமைகளைத் தானே தொடக்கத்தில் துறத்தல் ஆகியவை பழக்கத்தில் உள்ள வழிகள். அப்பொழுது கருவியின் நிரலில் பிழை இருந்தாலும் எழுதும் முயற்சி மறுக்கப்படும். முற்பகுதியில் கூறிய என்பிஎம், கிட் போன்றவற்றின் மறைமுக எழுத்துப் பணிகளும் உடனே வெளிப்பட்டுவிடும்.

முகவருக்கு ஓட்டுப் பொதுவாகக் கட்டளைச் சாளரத்தைத் திறந்துவிட்டு, குறிப்பிட்ட சொற்களில் தொடங்கும் கட்டளைகளுக்கு மட்டும் ஒப்புதல் அளிக்கும் பழக்கமும் உள்ளது. இது பாதுகாப்பானது போலத் தோன்றும். பைத்தானின் பிப் மென்பொருளில் 2020 முதல் உள்ள 'பிப் கேச்' கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டால், 'இன்ஃபோ' என்பது பதுக்ககத்தின் இடத்தையும் அளவையும் காட்டும், 'லிஸ்ட்' பட்டியலிடும், 'பர்ஜ்' அனைத்தையும் அழிக்கும். மூன்றின் தொடக்கமும் ஒன்றே. விண்டோசில் டிஎன்எஸ் பதுக்ககத்தைக் காட்டுவதும் வெறுமையாக்குவதும் 'ஐபிகான்ஃபிக்' என்ற ஒரே கட்டளையின் இரு தேர்வுகள். சி மொழி நிரல்களைத் தொகுப்பதை விரைவாக்கும் சிகேச் மென்பொருளில், சி என்ற ஆங்கில எழுத்தின் சிறிய வடிவம் அளவு வரம்புக்கு மேற்பட்டதைத் துப்புரவு செய்யும். அதே எழுத்தின் பெரிய வடிவம் முழுப் பதுக்ககத்தையும் அழிக்கும். ஆதலால் முகவரிடமிருந்து கட்டளை வரியைப் பெறாமல், பதுக்ககத்தின் பெயரையும் தேடும் பொருளின் பெயரையும் மட்டும் உள்ளீடாகப் பெற்று, அழிக்கும் செயலை நிரலிலேயே கொண்டிராத கருவி சிறந்ததாகக் கருதப்படுகின்றது.

விடையின் வடிவம்

உண்டு, இல்லை என்ற இரு விடைகள் போதா. மொழி மாதிரிகளைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தின் பைத்தான் நிரலகத்தில், வலையமைப்பைத் தொடாமல் உள்ளகப் பதுக்ககத்தை மட்டும் தேடும் செயற்கூறு ஒன்று உள்ளது. அது மூன்று வகையாக விடையளிக்கும். கோப்பு இருந்தால் அதன் பாதை. மூலத்தில் அக்கோப்பு இல்லை என்பது முன்னொரு முறை அறியப்பட்டுக் குறித்து வைக்கப்பட்டிருந்தால் அதற்கெனத் தனி அடையாளம். இரண்டும் இல்லையெனில் வெறுமை. 'இல்லை என்று தெரியும்' என்பதையும் 'தெரியாது' என்பதையும் பிரித்துக் கூறுவது முகவருக்குப் பேருதவி. முதலாவதில் மீண்டும் தேடுவது வீண். இரண்டாவதில் தேடுவதே முறை.

இருப்பது வேறு, முழுமையாக இருப்பது வேறு. பாதியில் நின்ற தரவிறக்கமும் வட்டில் இடம்பிடிக்கும். மேற்கூறிய நிரலகம் முடிவுறாத கோப்புகளுக்குத் தனி விகுதி இட்டு வைக்கின்றது. எல்லா மென்பொருட்களும் அவ்வாறு செய்வதில்லை. உள்ளடக்கம் சிதையாமல் உள்ளதா என்றறியச் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட வேண்டும். 14 கிகாபைட்டுக் கோப்புக்கு அது முழுக் கோப்பையும் வாசிக்கும் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் அவ்வாறு செய்ய இயலாதாகையால், 'உள்ளது, சரிபார்க்கப்படவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்வதே நேர்மையான விடை.

காலாவதியும் தனியே கூறப்பட வேண்டியது. எச்டிடிபி பதுக்ககங்களுக்கான இப்போதைய வரையறையான ஆர்எஃப்சி 9111இன்படி, ஒரு படியின் வயது அதற்கு அளிக்கப்பட்ட புதுமைக் காலத்துக்குக் குறைவாக இருக்கும்வரை அது புதியது. காலம் கடந்த படி உடனே பயனற்றதாகி விடுவதில்லை. மூலத்திடம் காட்டி, மாறவில்லை எனப் பொருள்படும் 304 என்ற விடையைப் பெற்றால் அதனையே மீண்டும் பயன்படுத்தலாம். அந்தக் கேள்வியைக் கேட்பது நிலை அறியும் கருவியின் வேலையன்று; அது வெளியே சென்றால் உள்ளக நிலையை அறியும் கருவியாக இராது.

விடையுடன் பார்த்த நேரமும் குறிக்கப்படுதல் வேண்டும். பார்ப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இடையில் வேறொரு நிரல் கோப்பை நீக்கிவிடலாம். முகவர்கள் நீண்ட உரையாடலில் பல மணி நேரத்துக்கு முன் பெற்ற விடையையும் இப்போதைய உண்மை போலவே கையாளக் கூடும் என்பதால் இது முகவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். நிலையைச் சொன்ன விடையே முகவரின் நினைவில் பழைய பதுக்ககமாகத் தங்கிவிடுகின்றது.

தேடும் பெயரிலும் பிழை நேரும். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரண்டு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பெற்ற வடிவையே வைத்துக்கொள்கின்றன. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கருவி, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்ட 'கொடி' என்ற கோப்பை கண்ணெதிரே வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லும்.

தனியுரிமை

எதையும் மாற்றாத கருவியாலும் தீங்கு விளையலாம். பதுக்ககம் என்பது அதன் உரிமையாளர் எதைப் பார்த்தார், எதை நிறுவினார் என்பதற்கான பதிவேடும் ஆகும். டிஎன்எஸ் வழங்கியிடம் மேற்கூறிய வகையில் மென்மையாகக் கேட்டு, அதன் பயனர்கள் அண்மையில் எத்தளங்களுக்குச் சென்றனர் என்று அறியும் உத்தி 2000களின் தொடக்கத்திலிருந்தே அறியப்பட்டது. ஒரு படம் விரைவாக வருகின்றதா மெதுவாக வருகின்றதா என்பதை அளந்து, பயனர் வேறொரு தளத்தைப் பார்த்தாரா என ஊகிக்க முடியும் என்பதை எட்வர்ட் ஃபெல்ட்டனும் மைக்கேல் ஷ்னைடரும் 2000இல் காட்டினர். அதற்குத் தீர்வாக உலாவிகள் தளந்தோறும் பதுக்ககத்தைப் பிரித்து வைக்கத் தொடங்கின. குரோமில் 2020இலும் ஃபயர்பாக்ஸில் 2021இலும் இது நடைமுறைக்கு வந்தது.

முகவர் பெறும் விடை பெரும்பாலும் தொலைவிலுள்ள மொழி மாதிரிக்கு அனுப்பப்படுகின்றது. ஆகவே பட்டியல் முழுவதையும் தருவது, கேட்கப்படாததையும் வெளியே அனுப்புவதாகும். பொதிகளின் பெயர்கள் மட்டும்தானே என்று விட்டுவிட இயலாது. 2021 பெப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சான் வெளியிட்ட ஆய்வில், பெருநிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்தும் பொதிகளின் பெயர்களை அறிந்து, அதே பெயரில் பொதுக் களஞ்சியங்களில் வேறு பொதிகளை ஏற்றியதன் வழியாக அந்நிறுவனங்களின் கணினிகளுக்குள் தம் நிரலை இயங்கச் செய்ய முடிந்ததை விளக்கினார். அங்கே தாக்குதலுக்குத் தேவையானது பெயர்கள் மட்டுமே.

பதுக்ககத்தின் உள்ளடக்கம் வெளியாரால் எழுதப்பட்டது என்பதும் கருதத் தக்கது. சேமிக்கப்பட்ட பக்கமொன்றில் முகவருக்குக் கட்டளையிடும் வரிகள் மறைந்திருக்கலாம். அளவு, நேரம், அடையாளம் ஆகியவற்றை மட்டும் திருப்பி, உள்ளடக்கத்தைத் தராத கருவிக்கு இந்த இடர் மிகக் குறைவு. கோப்பின் பெயர் வழியாக மட்டுமே அது நுழைய முடியும்.

மயங்கத் தக்க பிற பொருள்

செயற்கை நுண்ணறிவு பற்றிய எழுத்துகளில் கேச் என்ற சொல் மொழி மாதிரியின் வழங்கியில் நிகழும் உள்ளீட்டுப் பதுக்கலையும் குறிக்கும். ஒரே நீண்ட முன்னுரையை மீண்டும் மீண்டும் அனுப்பும்போது அதன் இடைநிலைக் கணிப்புகளை வழங்கி சேமித்து வைத்துக்கொள்வது அது. பயனரின் கணினியில் அதற்கெனக் கோப்பு ஏதும் இல்லாமையால் இங்கே விவரித்த கருவிகளால் அதன் நிலையை அறிய முடியாது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்திய சேவையில், ஒவ்வொரு விடையுடனும் எத்தனை சொற்கூறுகள் பதுக்ககத்திலிருந்து வாசிக்கப்பட்டன, எத்தனை புதிதாக எழுதப்பட்டன என்ற எண்ணிக்கைகள் வருகின்றன. நிலையை அறியும் வழி அவ்வெண்களே. அங்கே சேமிப்பின் இயல்பான ஆயுள் ஐந்து நிமிடம். ஒவ்வொரு வாசிப்பும் அந்த ஐந்து நிமிடத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வைக்கின்றது.